கூடப் போனவன்

கும்மிடிப்பூண்டி ரெட்டம்பேடு ரோட்டில் அந்தோணி எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு வந்துபோகிறவர்கள் யாரும் அந்தோணி ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பார்த்ததில்லை. அது ஒரு குறையென்று அவனுக்குத் தோன்றியதும் இல்லை.

வீட்டின் முன்னறைக்கு ஷட்டர் போட்டதுதான் கடை. மிக்சியோ டிவி போர்டோ எது வந்தாலும் வாங்கித் திருப்பிப் பார்ப்பான். காதோரம் வைத்து ஆட்டுவான். "நாளைக்கு சாயங்காலம் வந்து வாங்கினு போ" என்பான். அதோடு அவன் வேலை முடிந்தது. பொருள் பூப்போட்ட திரையைத் தாண்டி உள்ளே போகும். அங்கே அடுப்புக்கும் சன்னலுக்கும் நடுவில் கிடந்த மேசையில் அவன் மனைவி ஹெலன் அதைப் பிரிப்பாள்.

இப்படித்தான் நடத்த வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணவில்லை. அந்தோணி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில்லில் இருந்தவன். செக்கச் செவேலென்று வரும் கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குத் திருப்பிவிடுகிற வேலை. ஒரு தடவை கம்பி துள்ளி இடது கையை நக்கிவிட்டுப் போனது. இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டு மடங்காமல் நின்றுவிட்டன. பிறகு மில்லையும் மூடிவிட்டார்கள். ஹெலன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சார்ஜர் செய்யும் கம்பெனியில், கெட்டுத் திரும்பி வந்த பீசுகளைச் சரிபண்ணும் மேசையில் இருந்தவள். மகள் ஏஞ்சல் பிறந்ததும் நின்றுகொண்டாள். கடை போடலாம் என்று சொன்னவளும் அவள்தான். போர்டு எழுத வந்தவன், "இன்னா பேருண்ணா போடறது?" என்று கேட்டபோது அந்தோணி தன் பெயரைச் சொன்னான். முதன்முதலாகச் சரிசெய்த ரேடியோவைத் திரும்ப வாங்க வந்த பெரியவர், "ராசியான கைப்பா உனுக்கு" என்றார். இல்லை, அவள் கை என்று சொல்ல அந்தோணி வாயைத் திறந்தான். அதற்குள் பெரியவர் படி இறங்கிவிட்டார். அடுத்து வந்தவர்களிடம் அவன் வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் ஆதிநாராயணனின் கார் கடை வாசலில் வந்து நின்றது. ஆரம்பாக்கத்துக்கு மேற்கே, ஏரிப் பாசனத்தில் அவருக்கு நிறைய நிலம். அந்தோணியின் அப்பா சின்னதுரை ஆயுசு முழுக்க அந்தக் கழனியில் உழைத்தவர். ஆதிநாராயணனின் அப்பாவை 'ஆண்டே' என்று கூப்பிட்டவர். பின்வாசலோடு நின்று கூழ் வாங்கிக் குடித்தவர்.

"வாங்க சார்" என்றான் அந்தோணி. அப்படிச் சொல்ல முடிந்ததே அவனுக்கு நெஞ்சை நிமிர்த்தியது.

"சின்னதுரை மவன்தானே நீ? உங்க ஊட்ல நல்லா செய்யறீங்கன்னு சொன்னாங்க. அதான் வந்தேன்."

அவருக்குப் பின்னால் இன்னொருவர் இறங்கினார். நரைத்த தாடி. கழுத்துப் பொத்தான்வரை போட்ட முழுக்கைச் சட்டை. போர்வையில் எதையோ சுற்றி, மழை படாமல் மார்போடு அணைத்திருந்தார்.

"என் தம்பி வெங்கடேசன். அத மேசமேல வையிப்பா."

வெங்கடேசன் போர்வையை மெல்ல விலக்கினார். தட்டச்சுப் பலகை மாதிரி ஒன்று. சாவிகளின் மேல் எழுத்துகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. அதோடு கனமான கறுப்புப் பெட்டி ஒன்று ஒயரால் இணைந்திருந்தது.

"கம்ப்யூட்டரு" என்றார் ஆதிநாராயணன். "நாங்க ஸ்கூல்ல படிக்கும்போது நைனா வாங்கிக் குடுத்தது. டிவில சொருவணும். இவன் காலேஜ்ல சேந்த வருசமே மனசு ஒரு மாதிரி ஆயிப்போச்சி. பாக்காத வைத்தியம் இல்ல. மாத்திரையில ஓடிக்கினு இருக்குது. காலைல நாஷ்டா துன்னுட்டு இது முன்னாடி உக்காந்தான்னா மத்தியானம் வரிக்கும் நிம்மதியா இருப்பான்."

"இன்னா சார் பண்ணுவாரு இதுல?"

"ஏதோ கணக்கு மாதிரி வரி வரியா அடிப்பான். அடிச்சி முடிச்சா டிவில ஒரு புள்ளி இங்கியும் அங்கியும் போயி இடிக்கும். இடிக்கும்போது டிக்குனு ஒரு சத்தம். அவ்ளோதான். நிறுத்தினா எல்லாம் அழிஞ்சிடும். மறுநாளு முதல்லேருந்து அடிப்பான். எங்க ஊரு டிரான்ஸ்பார்மர்ல வோல்ட்டேஜ் ஏறிப்போய் இது பூட்ச்சி. அதுலேருந்து சோறு எறங்கல இவனுக்கு. ரோட்டப் பாத்து நடந்துடறான். முந்தாநாளு ஹைவேல லாரிங்களுக்கு நடுவுல நின்னுனு இருந்தான்."

அந்தோணி கறுப்புப் பெட்டியைத் தூக்கிக் காதோரம் வைத்து ஆட்டினான். "பவர் சப்ளைதான் சார் போயிருக்கும். குடுத்துட்டுப் போங்க, நாளைக்கு..."

வெங்கடேசன் பாய்ந்து பெட்டியைப் பற்றிக்கொண்டார். "உள்ள வேணாம். இங்கியே."

"இத வுட்டுட்டு வரமாட்டான், அந்தோணி. இங்க வெச்சே பண்ண முடியுமா?"

"தோ வரேன் சார், தண்ணி குடிச்சிட்டு" என்று அந்தோணி திரைக்குள் போனான்.

ஹெலன் மடவை மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள். மேசையில் ஏஞ்சல் பிளஸ் டூ புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வுடமாட்டேன்றாரு. வெளிலியே பிரிக்கணுமாம்" என்று கிசுகிசுத்தான்.

"அதுக்கு இன்னா? கைய கழுவினு வரேன். நான் பாக்கறேன்."

"நீயா?"

"பின்ன?"

"அவுரு யாருன்னு தெரியுமா? எங்கப்பா வேல செஞ்ச ஊட்டு ஆளு. அவுரு முன்னாடி நீ உக்காந்து நோண்டுவ, நான் கைய கட்டினு பக்கத்துல நிக்கணுமா? எம் மூஞ்சி இன்னாவுறது?"

ஹெலன் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மணிக்கட்டில் ஒரு செதில் ஒட்டி மினுங்கியது. அவள் அதைத் துடைத்துவிட்டு, "சரி. தொறந்து போன்ல படம் புடிச்சினு வா" என்றாள்.

அவன் போய்ப் பெட்டியைத் திறந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பவும் தண்ணீர் குடிக்க வந்தான். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"தோ பாரு, இந்த உருளை. தல உப்பிக்கினு ஒழுவியிருக்குது. கெப்பாசிட்டரு. டப்பாவுல இதே மாரி பெருசு இருக்குது, அத மாத்து. வெள்ளக் கோடு போட்டிருக்கிற பக்கம் மைனஸ். பழச எடுக்கறதுக்கு முன்னாடி கோடு எந்தப் பக்கம்னு பாத்துக்கோ. மாத்தி வெச்சா வெடிக்கும். முடிச்சிட்டு நேரா கம்ப்யூட்டர்ல சொருவாத. தனியா கரண்டு குடுத்து, அந்த பைக் பல்ப மாட்டி, மீட்டர்ல அஞ்சு வோல்ட்டு நிக்குதான்னு பாரு. அப்புறம்தான் சொருவணும். புரிஞ்சுதா?"

"ம்."

"இன்னா புரிஞ்சுது, சொல்லு."

"புரிஞ்சுதுன்றேன்ல!"

டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஈயம் பற்றவைக்கும் சால்ட்ரிங் கட்டையைச் சூடேற்றினான். வெங்கடேசன் முழங்காலோடு முழங்கால் உரசும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்திருந்தார். அவருடைய மூச்சு அந்தோணியின் கையில் பட்டது. மடங்காத விரல்களால் பெட்டியை அழுத்திப் பிடித்து, மற்ற கையால் ஈயத்தை உருக்கினான். பழைய உருளை வர மறுத்தது. பிடித்து இழுத்தான். வந்துவிட்டது. வந்த பிறகுதான், கோடு எந்தப் பக்கம் இருந்தது என்று பார்க்கவில்லையே என்று உறைத்தது. பிடரியில் வியர்வை இறங்கியது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆதிநாராயணன் மெதுவாகச் சொன்னார்: "இன்னொரு வாட்டி வேணா தண்ணி குடிச்சிட்டு வாயேன், அந்தோணி. அவசரம் ஒண்ணுமில்ல."

கேலி செய்கிறார் என்று நினைத்தான். காது மடல் சுட்டது. "தேவல சார்" என்று சொல்லிவிட்டு, ஏதோ ஒரு பக்கமாகப் புதியதை வைத்து ஈயம் வைத்தான். பைக் பல்ப் கண்ணெதிரே ஆணியில் தொங்கியது. அதை எடுத்து மாட்டினால் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும் என்று பட்டது. வெங்கடேசன் கம்ப்யூட்டரின் ஒயரை ஆசையோடு நீட்டினார். வாங்கிச் சொருகிச் சுவிட்சைப் போட்டான்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பட்டாசு மாதிரி வெடித்தது. வெள்ளைப் புகை குபீரென்று எழும்பி அழுகிய மீன் நாற்றத்தோடு கடையை நிறைத்தது. வெங்கடேசன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு ஓலமிட்டார். ஹெலன் ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள்.

"இன்னாப்பா ஆச்சி?" என்று எழுந்தார் ஆதிநாராயணன்.

அந்தோணி அவரைப் பார்த்தான். தெருவில் இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவன் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"தப்பான பார்ட்ட எடுத்துக் குடுத்துட்டா சார் இவ! உன்ன இன்னா எடுக்கச் சொன்னேன், இன்னாடி எடுத்துக் குடுத்த? ஒரு பொருளப் பாத்து எடுக்கத் துப்பில்ல!"

ஹெலன் பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். கிழிந்து கிடந்த உருளையின் வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"ஆமா சார்" என்றாள். "நான்தான் பாக்காம குடுத்துட்டேன்."

ஆதிநாராயணன் அவளையும் அந்தோணியையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பியின் தோளை அணைத்துக் காருக்குக் கூட்டிப்போனார். வெங்கடேசன் கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொண்டுவந்த போர்வையும் மேசை மேலேயே கிடந்தது.

மத்தியானம் ஹெலன் மீன் குழம்பு ஊற்றினாள். அந்தோணி பிசைந்துகொண்டே இருந்தான். ஏஞ்சல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வெள்ளக் கோட்டப் பாருன்னு அம்மா சொன்னப்ப நானும் இங்கதான் இருந்தேம்பா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. போய்க் குழாயடியில் தட்டைக் கழுவினாள்.

ஹெலன் சண்டை போட்டிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் போடவில்லை. அன்று சாயங்காலம் மேசையைத் துடைத்தாள். ஈயச் சுருளையும் மீட்டரையும் ஒரு பையில் போட்டு அலமாரி மேல் வைத்தாள்.

"சிப்காட்ல ஆள் எடுக்கறாங்களாம். நாளைலேருந்து போறேன்."

"கடை?"

"உன் கடைதானே."

விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் பைபாஸ் முனையில் வந்து நிற்கும். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு டிபன் பாக்ஸோடு அவள் நடந்து போவாள். திரும்பி வரும்போது புடவை ஓரமெல்லாம் கறுப்புச் சேறு. கடையில் மிக்சிகள் சேர்ந்துகொண்டே போயின. "இன்னும் ரெடியாவலையா?" என்று கேட்டவர்களிடம், மழை, கரண்ட் இல்லை, பார்ட் வரவில்லை என்று சொன்னான். அவர்கள் அவனிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் திரையைப் பார்த்தார்கள். உள்ளே அடுப்புச் சத்தம் இல்லை என்பதைக் கவனித்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் அவனே ஒரு அயர்ன் பாக்ஸைப் பிரித்தான். திரும்பப் பூட்டியபோது இரண்டு திருகாணி மிச்சம் இருந்தது.

ஷேர் ஆட்டோ ஓட்டும் லோகு ஒரு சனிக்கிழமை கடையில் மழைக்கு ஒதுங்கினான். "ஆரம்பாக்கம் பக்கம் ஆதிநாராயணன் தம்பி இல்ல? அவர ரூமுல வெச்சிப் பூட்டிட்டாங்க. தண்டவாளத்துல நடந்து போயினு இருந்திருக்காரு, ரயில்வே கேட்டுக்காரரு ஓடிப் புடிச்சிருக்காரு. பாவம், கதவத் தட்டினே இருக்காராம்."

அந்தோணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ராவெல்லாம் அந்த மனுசனுடைய மூச்சு தன் கையில் படுவதுபோல் இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் ஹெலன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தோணி குனிந்து எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"அந்த வெங்கடேசன ரூமுல போட்டுப் பூட்டிட்டாங்களாம்."

"கேள்விப்பட்டேன்."

"நீ ஒரு தபா அதப் பாக்கறியா?"

அவள் செருப்பைப் போட்டாள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு, ஹெலன். கோட்ட நான்தான்..."

"எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? எனுக்குத் தெரியாதா? யாரு முன்னாடி சொன்னியோ அங்க சொல்லு." கொஞ்சம் நடந்தவள் நின்றாள். "அலமாரி மேல இருக்கிற பைய எடுத்துனு வா. அந்தப் பெட்டிய போர்வையில நல்லா சுத்து. அவங்க ஊட்டுக்கே போயி, அந்தாளு பாக்கவே பண்றேன்."

இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். இருபுறமும் நாற்று நட்ட கழனிகளில் தண்ணீர் தளும்பி நின்றது. தூரத்தில் மில்களின் புகை மழையில் கரைந்து சாம்பலாய்க் கிடந்தது. ஆதிநாராயணனின் வீட்டு முன்வாசலில் அந்தோணி தயங்கினான். என்றைக்காவது இந்த வாசல் வழியாக, ரிப்பேருக்குக் கூப்பிட்டு வந்த ஆளாக நுழைய வேண்டும் என்று அவன் நினைத்ததுண்டு. ஹெலன் முன்னால் ஏறிப் போனாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

ஆதிநாராயணனின் மனைவி செல்வி, "வாம்மா, உள்ள வா" என்று மின்விசிறி போட்டாள். வெங்கடேசனை அறையிலிருந்து அழைத்து வந்தார்கள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்ததும் சுவரோரம் பின்வாங்கினார்.

ஹெலன் கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். "அண்ணே, வந்து பக்கத்துல உக்காருங்க. எது எடுத்தாலும் உங்களக் காட்டிட்டுத்தான் எடுப்பேன்" என்றாள். கருகிய உருளையைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இது செத்துப் போச்சி." பொட்டுப் பொட்டாக இருந்த நான்கு டயோடுகளை மீட்டரால் தொட்டாள். "இதுல ரெண்டு போயிருக்குது." வெங்கடேசன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து அவளருகில் குந்தினார்.

கரண்ட் மங்கலாக வந்தது. அந்தோணி டார்ச் அடித்துக்கொண்டு நின்றான். ஆதிநாராயணன் எதிரில் நாற்காலியில் இருந்தார். சொல்லியாக வேண்டும்.

"சார்."

"சொல்லுப்பா."

"அன்னிக்கு கெடுத்தது நான் சார். இவ சரியாத்தான் சொன்னா. நான்தான் மாத்தி வெச்சேன். அது மட்டுமில்ல... கடைல இத்தினி வருசமா ரிப்பேர் பண்றதெல்லாம் இவதான். எனுக்கு ஒண்ணும் தெரியாது சார்."

ஆதிநாராயணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியுமே" என்றார்.

அந்தோணி அவரைப் பார்த்தான்.

"யாருக்குத் தெரியாது? உங்க தெருவுல ஒரு ஆளுக்குத் தெரியாதா? அந்தக் கைய வெச்சினு நீ எப்டிப்பா ஈயம் வெப்ப? அந்தம்மா நல்லா செய்யும், அந்தோணிகிட்ட குடுத்தா உள்ள குடுத்துடுவாருன்னு சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க. நான்கூட, உள்ள போயி கேட்டுனு வரட்டும்னு தண்ணி குடின்னு சொன்னேன்." குரலைத் தாழ்த்தினார். "தெரியாததப் பண்ணதுகூட போவட்டும். அந்தம்மாவ அப்டிப் பேசினியே. அது என்னால தாங்க முடியல. அதான் ஒண்ணும் பேசாத வந்துட்டேன்."

தெருவில் தன்னைப் பார்த்து வணக்கம் சொன்ன முகங்கள் ஒவ்வொன்றாக அந்தோணிக்கு நினைவில் வந்தன. எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார்கள். தலையைக் குனிந்தால் ஹெலனின் உச்சி வகிடு தெரிந்தது. அவள் தலை நிமிரவில்லை.

"டார்ச்ச நேரா புடி" என்றாள்.

நேராகப் பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்தான்.

அவள் டயோடுகளை மாற்றினாள். புதிய உருளையை வைப்பதற்கு முன் வெள்ளைக் கோட்டை வெங்கடேசனுக்குக் காட்டினாள். அவர் தலையாட்டினார். பைக் பல்ப் எரிந்தது. மீட்டரில் அஞ்சு வோல்ட் நின்றது. அதன் பிறகே கம்ப்யூட்டரில் சொருகச் சொன்னாள். அதையும் வெங்கடேசனே சொருகினார். பழைய டிவியில் இரைச்சல் ஓடி அடங்கி, சாம்பல் திரையில் ஒரு சின்னக் கட்டம் மினுக்கியது.

வெங்கடேசன் தரையிலேயே சம்மணம் போட்டு அடிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. செல்வி காபி கொண்டுவந்து ஹெலனுக்கு முதலில் கொடுத்தாள். அவர்கள் குடித்து முடித்து வெகுநேரம் கழித்து வெங்கடேசனின் கை நின்றது. திரையில் ஒரு புள்ளி கிளம்பி ஓரத்துக்குப் போய் இடித்துத் திரும்பியது. சத்தம் வரவில்லை.

அவர் காதைச் சாவிகளின் மேல் வைத்துக் கேட்டார். ஹெலன் கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து சோதித்தாள். நிமிர்ந்து ஆதிநாராயணனிடம் சொன்னாள்: "அன்னிக்கு வெடிச்சப்ப சத்தம் குடுக்கிற சில்லு போயிருக்குது சார். அது இப்ப எங்கயும் கெடைக்காது."

அந்தோணி டார்ச்சை அணைத்தான். அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

வெங்கடேசன் கொஞ்ச நேரம் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மறுபடி ஓரத்தைத் தொட்டபோது, நாக்கை மேலண்ணத்தில் தட்டி, "டிக்" என்றார். அடுத்த ஓரத்திலும், "டிக்." செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர்கள் புறப்பட்டபோதும் உள்ளேயிருந்து அது கேட்டுக்கொண்டிருந்தது.

ஏரிக்கரை திரும்பியதும் அந்தோணி வண்டியை நிறுத்தினான். தூறல் விட்டிருந்தது.

"ஊருக்கே தெரியும்னு உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

ஹெலன் கழனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மில்லு மூடினப்ப ஊட்டுக்குள்ளயே படுத்துனு கெடந்தியே, நெனப்பிருக்குதா? கடை போட்டப்புறம்தான் சட்டைய மடிச்சி உட்டுனு தெருவுல நடந்த. எனுக்கு அது புடிச்சிருந்துச்சி. அதான் வுட்டுட்டேன்." பிறகு, "அதுக்குன்னு தெருவுல வெச்சி அப்டிப் பேசுவன்னு நெனக்கல" என்றாள்.

"நாளைக்கி கம்பெனிக்குப் போவியா?"

"போவேன்."

அவன் வண்டியைக் கிளப்பாமல் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். அவள் இறங்கி ரயில்வே கேட்டைப் பார்த்து முன்னால் நடந்தாள். அவன் தள்ளிக்கொண்டு பின்னால் போனான். கேட் மூடியிருந்தது. சூலூர்பேட்டை ரயில் போவதற்காகச் சனங்கள் காத்து நின்றார்கள். அதில் அவர்கள் தெரு அரசப்பன் இருந்தான்.

"இன்னாண்ணா, மழையில எங்க போயினு வரீங்க?"

அரசப்பனின் பார்வை தன்னைத் தாண்டி ஹெலனிடம் ஒரு கணம் போய் வந்ததை அந்தோணி கவனித்தான். இத்தனை வருடமும் எல்லார் பார்வையும் அப்படித்தான் போய் வந்திருக்க வேண்டும்.

"இவளுக்கு ஒரு ரிப்பேர் வேல" என்றான். "நான் கூடப் போயிருந்தேன்."

"அப்டியா" என்றான் அரசப்பன். அவன் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ரயில் இரைந்துகொண்டு வந்தது. அது போய் முடிகிறவரை எல்லாரும் நின்றார்கள்.